அத்தையின் ரிமோட்டுக்கு ஒரு பை

போன வாரம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த அக்கா ஒருவர், நான் அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போதே கேட்டார். "உங்க வீட்டு டிவியில ஏதோ குச்சி சொருகியிருக்கீங்களாமே, அது வாங்கலாமா? டிஷ்ஷைக் கழற்றிரலாமா?" அவர் குச்சி என்றது ஃபயர் டிவி ஸ்டிக்கை, டிவியில் சொருகி நெட் வழியாகப் படம் பார்க்கும் கருவி. டேப்பைத் தோளில் போட்டபடி பதில் சொல்ல ஆரம்பித்து அரை மணி நேரம் பேசிவிட்டேன். அவருக்குச் சொன்னதையும், அப்போது விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது செங்கோட்டை. மேற்கே மலை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். 1956 நவம்பர் 1 வரை இந்த ஊரே அந்தப் பக்கத்துக் கணக்கில்தான் இருந்தது. வீட்டுக்காரர் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து புனலூர், கொல்லம் வரைக்கும் காய்கறி வண்டி ஓட்டுகிறார். மகள் திருவனந்தபுரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அத்தை, அதாவது என் மாமியார், ஆரியங்காவில் பிறந்தவர். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் ஏழாம் வகுப்பு வரை படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். கல்யாணமாகி மலை இறங்கி வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் என்னை "மோளே" என்றுதான் கூப்பிடுவார்.

அத்தைக்கு டிவியில் வேண்டியது மூன்று. காலையில் மலையாளச் செய்தி, மத்தியானம் ஏதாவது ஒரு பழைய படம், சாயங்காலம் சீரியல். இந்த மூன்றுக்காகத்தான் வீட்டில் டிவி ஓடுகிறது என்றே சொல்லலாம். நான் பெரும்பாலும் தையல் மிஷினில் இருந்தபடி காதால் கேட்பேன், அவ்வளவுதான்.

டிஷ்ஷோடு எங்களுக்கு இருந்த பிரச்சினை மழை. இங்கே ஆனி, ஆடியில் சாரல் விழுந்தால் நாள் கணக்கில் விழும். கணவாய்க் காற்று வேறு. டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான், அதனால் கனத்த மழையும் திரண்ட மேகமும் அதைக் குடித்துவிடும். மெல்லிய தூறலில் ஒன்றும் ஆகாது. மலையிலிருந்து கருத்து இறங்கி அடிக்கும்போதுதான் படம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்புறம் "சிக்னல் இல்லை" என்று நீலத்திரை வரும். அது சரியாகச் சீரியல் நேரத்தில் வரும். காற்றில் டிஷ் அரை விரல் அசைந்துவிட்டால் மழை நின்ற பிறகும் படம் வராது. திருப்பி வைக்க ஆள் வர வேண்டும், மொட்டை மாடி வழுக்கும், அவரும் மழை விடட்டும் என்பார். ஒரு ஆடியில் அத்தை பதினொரு நாள் சீரியல் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டார். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த வருஷம்தான் தெருவுக்கு ஃபைபர் நெட் வந்தது. 30 எம்பிபிஎஸ் வேகம், மாதம் 399, வரியோடு 471 ரூபாய். சரி, இனி நெட்டிலேயே டிவி பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

முதலில் தப்பான சாமானை வாங்கினோம். சந்தைப் பக்கம் ஒரு கடையில், டிவியில் மாட்டி நெட்டில் படம் பார்க்க, பேர் தெரியாத கம்பெனியின் ஆண்ட்ராய்டு பெட்டி, 1,800 ரூபாய். எல்லா ஆப்பும் உள்ளேயே இருக்கிறது, எல்லாச் சேனலும் காசில்லாமல் வரும் என்றார்கள். வரத்தான் செய்தது, கொஞ்ச நாள். ஆனால் நாங்கள் காசு கட்டியிருந்த ஆப்பில் மட்டும் படம் மங்கலாகவே இருந்தது. டிவியைக் குறை சொன்னோம், நெட்டைக் குறை சொன்னோம். காரணம் வேறு. படங்களைக் காப்பியடிக்காமல் இருக்க வைட்வைன் என்று ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். அதில் எல்1 என்ற சான்று வாங்கிய கருவிக்குத்தான் எச்டி அனுப்புவார்கள். சான்று இல்லாத பெட்டி எல்3 கணக்கில் வரும், அதற்குப் பெரும்பாலும் 480 வரிப் படத்தோடு சரி. பெட்டியின் மேல் 4கே என்று எத்தனை பெரிதாக அச்சடித்திருந்தாலும் இதுதான் நிலைமை.

அந்தப் பெட்டி அணைத்து வைத்திருக்கும்போதும் கை வைத்தால் சுடும். அத்தை அதன் மேல் தீப்பெட்டியைக்கூட வைக்க விடமாட்டார். பிறகு 2025 ஜூனில் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ ஒரு எச்சரிக்கை விட்டது. இந்த மாதிரிப் பேர் தெரியாத பெட்டிகள் சிலவற்றில் கடைக்கு வரும் முன்பே களவு மென்பொருள் ஏற்றி அனுப்புகிறார்கள், பேட்பாக்ஸ் 2.0 என்று அதற்குப் பெயர், வீட்டு நெட்டை வேறு யாரோ தங்கள் வேலைக்குப் பயன்படுத்துவார்கள் என்று. அடுத்த மாதம் கூகுள் போட்ட வழக்கில், அப்படி மாட்டிய கருவிகள் ஒரு கோடிக்கு மேல் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் பெட்டி அந்த ரகமா என்று நான் ஆராயவில்லை. கழற்றி எடுத்துவிட்டேன். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் தெருவிலேயே இன்னும் நாலு வீட்டில் அந்த மாதிரிப் பெட்டி ஓடுகிறது. அந்த வைஃபையிலேயேதான் பேங்க் ஆப்பும் ஓடுகிறது. தயவுசெய்து அந்த ரகம் வேண்டாம். காசில்லாமல் எல்லாம் வரும் என்று எவர் சொன்னாலும் வாங்காதீர்கள்.

அப்புறம் மகள் ஆன்லைனில் ஃபயர் டிவி ஸ்டிக் வாங்கி அனுப்பினாள். இந்தியாவில் 2017 ஏப்ரலில் 3,999 ரூபாய்க்கு வந்த சாமான். இப்போது தள்ளுபடி நேரத்தில் அதைவிட நன்றாகவே குறைவாகக் கிடைக்கிறது. விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் குச்சி, டிவிக்குப் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டையில் சொருக வேண்டும்.

சொருகும்போது இரண்டு விஷயம் கவனிக்கவும், இதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கூட வரும் அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். டிவியின் யூஎஸ்பி ஓட்டையில் மாட்டினால் வயர் தொங்காமல் அழகாக இருக்கும்தான், ஆனால் பழைய டிவியின் யூஎஸ்பி அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்குக்கு ஒரு ஆம்பியர் அடாப்டர் கொடுத்திருக்கிறார்கள். மின்சாரம் போதாமல் பாதிப் படத்தில் தானாக அணைந்து திரும்ப எழும். இரண்டாவது, பெட்டிக்குள் சின்னதாக ஒரு எச்டிஎம்ஐ வயர் இருக்கும், அதைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்டிக்கை அந்த வயரில் மாட்டி டிவியின் முதுகிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் சூடும் குறையும், வைஃபையும் நன்றாகப் பிடிக்கும். எங்கள் வீடு பழைய சுண்ணாம்புச் சுவர், ஒன்றரை முழம் கனம். மோடம் முன்னறையில், டிவி நடுக்கூடத்தில். வைஃபையில் இரண்டு அலைவரிசை உண்டு, அதில் 5 கிகாஹெர்ட்ஸ் அந்தச் சுவரைத் தாண்டவே இல்லை. 2.4-இல் மாட்டினோம், எச்டிக்கு அது போதும். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கில் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15. எங்கள் டிவி 32 இஞ்ச், 4கே பற்றி நாங்கள் கவலைப்படவில்லை.

ஃபைபர் இல்லாமல் போன் நெட்டை வைத்து ஓட்டலாமா என்று அந்த அக்கா கேட்டார். எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி தரும் ரீசார்ஜ் என்றால் அரை மணி நேரச் சீரியலோடு தீர்ந்துவிடும். வேண்டாம்.

முதல் வாரம் எனக்கு ஒரே சந்தோஷம். வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே படம் ஒரு புள்ளிகூடச் சிதறாமல் ஓடுகிறது. அடுப்பில் பால் பொங்கினால் நிறுத்திவிட்டுப் போகலாம். ஒரே படத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் வைத்திருக்கிறார்கள். அத்தைக்கு மலையாளத்தில் போட்டுவிட்டு, அவர் தூங்கிய பிறகு மீதியை நான் தமிழில் பார்த்திருக்கிறேன். டிஷ்ஷில் மலையாளச் சேனலுக்காகத் தனியாக ஒரு பேக் எடுத்துக்கொண்டிருந்தோம். நெட்டில் எல்லை என்று ஒன்று இல்லை. செங்கோட்டைக்காரர் என்ன பார்க்க வேண்டும் என்று அது முடிவு செய்வதில்லை.

ஆனால் அத்தை ஸ்டிக்கைத் தொடவில்லை.

நான் கடைக்குப் போய்விட்டு வரும்போது டிவி அணைந்தே இருக்கும். அத்தை திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஏன் பார்க்கவில்லை என்றால், "கண்ணு வலிக்குது மோளே" என்பார். மூன்றாவது தடவை அதைக் கேட்டதும் பக்கத்தில் உட்கார்ந்து, ரிமோட்டைக் கையில் கொடுத்து, "போடுங்க அத்தை, நான் பார்க்கிறேன்" என்றேன்.

ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல நம்பர் எங்க இருக்கு?"

நம்பரே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிஷ் ரிமோட்டில் அவர் மூன்று எண்களைத்தான் மனப்பாடமாக வைத்திருந்தார். செய்திக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, சீரியலுக்கு ஒன்று. அமுக்கினால் சேனல் வரும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். இங்கே அப்படி இல்லை. முதலில் ஆப்பைத் தேட வேண்டும், பெயர்கள் இங்கிலீஷில் இருக்கின்றன, அவருக்கு அந்த எழுத்து தெரியாது. உள்ளே போனால் யார் பார்க்கிறீர்கள் என்று நாலு முகம் காட்டிக் கேட்கிறது. அப்புறம் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறது. அவர் மைக் பொத்தானை அமுக்கிச் சீரியல் பேரைச் சொன்னார், நிறுத்தி நிதானமாக. வேறு ஏதோ இந்திப் படங்கள் வந்து நின்றன. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "நீ வந்து போட்டுத் தா" என்றார்.

டிஷ்ஷில் அவருக்கு என் தயவு தேவைப்பட்டதில்லை. வாங்கும் முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. படம் எத்தனை தெளிவு, ஆப் எத்தனை என்பதெல்லாம் இரண்டாவது. பகல் இரண்டு மணிக்கு வீட்டில் தனியாக இருப்பவர் யார், அவரால் இதைப் போட்டுப் பார்க்க முடியுமா?

அதற்கு அப்புறம் செய்ததுதான் உண்மையில் உதவியது. ஸ்டிக்கின் முதல் பக்கத்தில் அத்தைக்கு வேண்டிய இரண்டு ஆப்பை வரிசையில் முதலாவதாகவும் இரண்டாவதாகவும் நகர்த்தினேன். மற்றதைக் கடைசிக்குத் தள்ளினேன், தேவையில்லாததை நீக்கினேன். 8 ஜிபி இடத்தில் ஒரு பகுதியை ஸ்டிக்கே எடுத்துக்கொள்ளும், ஆப் குறையக் குறைய வேகமும் நன்றாக இருக்கிறது. மலையாளச் செய்திக்கு யூடியூப் நேரலையே போதும், பெரிய சேனல்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.

ரிமோட் சின்னது, படுக்கை விரிப்புக்குள் போனால் கிடைக்காது. அத்தைக்கு ஒரு பை தைத்தேன். மீந்திருந்த மெரூன் நிறப் பட்டு பார்டர் துணி, உள்ளே லைனிங், பையின் வாயை மடித்துத் தைத்து நாடா கோத்தது. வெற்றிலைச் சுருக்குப்பை மாதிரி நாற்காலிக் கையில் தொங்கும். வீட்டுப் படம் போட்ட ஹோம் பொத்தானின் மேல் சிவப்பு நெயில் பாலிஷ் மூன்று தடவை தடவிக் காயவைத்தேன், விரலால் தடவினாலே மேடு தெரியும். பாடம் இவ்வளவுதான்: "சிவப்பை அமுக்குங்க, முதல் படத்துக்கு வரும். நடுவுல அமுக்குங்க, திறக்கும். வழி தவறினா மறுபடி சிவப்பு." பத்து நாளில் கைவசமானது. பதினோராம் நாள் ஸ்டிக் தானாகவே அப்டேட் ஆகி முதல் பக்கத்தின் தோற்றம் மாறிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதுதான் பெரிய குறை என்று நினைக்கிறேன். நம் வீட்டுச் சுவிட்சை நம்மைக் கேட்காமல் வேறு சுவருக்கு மாற்றிவிட்டுப் போவது மாதிரி.

டிஷ்ஷைக் கழற்றவில்லை. எச்டிஎம்ஐ ஒன்றில் டிஷ், இரண்டில் ஸ்டிக். டிஷ்ஷில் சின்ன பேக்காக மாற்றிக்கொண்டோம். ஏனென்றால் நெட்டும் போகும். போன ஐப்பசியில் தெருமுனை மரக்கிளை விழுந்து ஃபைபர் வயர் அறுந்தது, மோடத்தில் சிவப்பு லைட், நாலு நாள். அந்த நாலு நாளும் டிஷ்தான் கை கொடுத்தது. கரண்ட் போனால் மட்டும் நெட் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். ஃபைபர் வயருக்கு வழியில் மின்சாரம் தேவையில்லை, நம் வீட்டு மோடத்துக்கு மட்டும் 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்று வைத்தால் போதும். மாதக் காசே கட்ட முடியாதவர்களுக்கு அரசின் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 2004-இலிருந்து நடக்கிறது, மாதக் கட்டணம் கிடையாது, டிடி தமிழும் டிடி மலையாளமும் வரும். ஸ்டிக் வாங்கியே ஆக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை.

காசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக் ஒரு தடவைச் செலவு, ஆப்களுக்கு முடிவே இல்லை. ஒவ்வொன்றும் சின்னத் தொகையாகத்தான் தெரியும். ஒரு ஆப்பைப் பார்ப்பதை விட்டு ஏழு மாதமாகியும் என் கணக்கிலிருந்து காசு போய்க்கொண்டிருந்ததைப் பாஸ்புக் பதியப் போன நாளில்தான் கண்டுபிடித்தேன். இப்போது ஒன்று மட்டும் வருஷச் சந்தா. இன்னொன்றை மகள் லீவுக்கு வரும் மாதத்தில் மட்டும் போட்டு, வாங்கிய அன்றைக்கே ஆட்டோ பேயை நிறுத்திவிடுகிறேன், அந்த மாதம் முழுக்க ஓடும். காசு கட்டினாலும் விளம்பரம் வருகிறது. பிரைம் வீடியோவில் 2025 ஜூன் 17 முதல் வருகிறது, வேண்டாமென்றால் வருஷத்துக்கு 699 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டும். எனக்குப் பிடித்த முறை, பார்த்த படத்துக்கு மட்டும் காசு. கேரள அரசு 2024 மார்ச்சில் தொடங்கிய சி ஸ்பேஸ் என்ற படம் பார்க்கும் ஆப் அப்படித்தான், ஒரு படத்துக்கு 75 ரூபாய். அதில் பாதி படம் எடுத்தவருக்கே போகிறது. இந்த மாதிரி தமிழிலும் வந்தால் நான் முதல் ஆளாகச் சேருவேன்.

எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்டால், டிவி அளவுக்கு உழைக்கும் என்று எண்ண வேண்டாம். ஸ்டிக் மாதிரியே டிவியில் சொருகும் கூகுள் கருவி, 2015-இல் வந்த குரோம்காஸ்ட், 2025 மார்ச்சில் ஒரே நாளில் உலகம் முழுக்க நின்றுபோனது. உள்ளே வைத்திருந்த சான்றிதழுக்குப் பத்து வருஷக் கெடு முடிந்துவிட்டதாம். சில நாளில் சரிசெய்தார்கள். கருவி நல்லபடியாகத்தான் இருந்தது, எங்கோ ஒரு தேதி முடிந்தது, அவ்வளவுதான்.

இவ்வளவு குறை சொன்னாலும் நான் ஸ்டிக்கைக் கழற்ற மாட்டேன். காரணம் போன மார்கழியில் நடந்தது. ஆரியங்காவு ஐயப்பன் கோயிலில் அப்போது திருக்கல்யாணம் நடக்கும். புஷ்கலா தேவிக்குப் பெண் வீட்டாராக மதுரையிலிருந்து சௌராஷ்டிரக்காரர்கள் வருவார்கள். அத்தை சின்ன வயதில் வருஷம் தவறாமல் பார்த்தது. முழங்கால் வலி வந்த பிறகு போகவில்லை. அத்தையின் அண்ணன் பேரன் அன்றைக்கு அங்கேயிருந்து போனில் வீடியோ எடுத்து அனுப்பினான், இருபது நிமிஷம். போன் திரையை அப்படியே ஸ்டிக் வழியாக டிவிக்கு ஏற்றினேன்.

அத்தை கல்யாணத்தை அவ்வளவாகப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் தெரிந்த ரோட்டைப் பார்த்தார். "நிறுத்து, நிறுத்து மோளே" என்றார். எழுந்து, சுவரைப் பிடித்தபடி டிவிக்குப் பக்கத்தில் போய், திரையின் இடது ஓரத்தில் விரலை வைத்தார். ஒரு பூட்டிய கடை, பாதி மறைந்து தெரிந்தது. "அச்சன் சம்பளம் வாங்கின அன்னைக்கு இந்தக் கடையிலதான் எனக்குப் பழம்பொரி வாங்கித் தருவார். கதவு அதே கதவு." கதவில் நீலப் பெயின்ட் உரிந்து உள்ளே பழைய பச்சை தெரிந்தது. அந்தப் பச்சையைத்தான் தொட்டுக் காட்டினார். எவ்வளவு நேரம் அப்படியே நிறுத்தி வைத்திருந்தோம் என்று தெரியாது, ஸ்டிக் தானாகவே திரையை மங்கலாக்கியது. மறுபடி போடச் சொன்னார். அந்த வீடியோவை இதுவரை முப்பது தடவையாவது போட்டிருப்பேன்.

ஜாக்கெட் அக்காவுக்கு நான் சொன்ன முடிவு: வாங்குங்கள், பேர் தெரிந்த கம்பெனி ஸ்டிக்காகவே வாங்குங்கள், டிஷ்ஷை ஒரு சாரல் சீசன் முடியும் வரைக்கும் கழற்றாதீர்கள். அவர் வீட்டிலும் மாமனார் பகலில் தனியாக இருக்கிறார். ரிமோட்டுக்குப் பை ஒன்று தைத்துத் தரச் சொல்லியிருக்கிறார், ஜாக்கெட்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இன்னும் ஒரு வேலை பாக்கி. ஸ்டிக்கில் எதற்கு ஓடிபி கேட்டாலும் அது மகளின் போனுக்குப் போகிறது. அவள் வகுப்பில் இருந்தால் சாயங்காலம் வரை அத்தை காத்திருக்க வேண்டும். ஓணம் லீவுக்கு வரும்போது என் நம்பருக்கு மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன்.